பழைய லேப்டாப்ல டிபிஎம் சிப் இருக்கா? காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பாத்துடுங்க

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஒரு லேப்டாப் பாத்து வச்சிருக்கேன், இன்டெல் 8வது ஜெனரேஷன். லினக்ஸ் போட்டு டிஸ்க்கை என்கிரிப்ட் பண்ணி (சாவி இல்லாம யாரும் படிக்க முடியாதபடி பூட்டி) வச்சுக்கணும். கடைக்காரர் "இதுல டிபிஎம் சிப் இல்ல, தனியா மாட்யூல் வாங்கி மாட்டித் தரேன், எக்ஸ்ட்ரா ஆகும்"ங்கறார். வாங்கலாமா? ஒவ்வொரு கம்பெனி சிப்புக்கும் வேற வேற சாஃப்ட்வேர் வேணுமா?

பதில்: டிபிஎம்ங்கறது அந்தப் பூட்டோட சாவியை பத்திரமா வச்சுக்கற பாதுகாப்பு சிப். கடைக்காரர் சொல்ற மாட்யூலுக்கு ஒரு ரூபா கூட கொடுக்காதீங்க. தனியா மாட்டற மாட்யூல்லாம் டெஸ்க்டாப் மதர்போர்டுக்கு வர்றது, அதுலயே ஒரு கம்பெனியோடது இன்னொரு கம்பெனி போர்டுல சேராது, சாதாரண லேப்டாப்ல அதை மாட்ட இடமே கிடையாது. 8வது ஜெனரேஷன்னா பெரும்பாலும் பிடிடிங்கற பேர்ல டிபிஎம் 2.0 உள்ளயே இருக்கும், பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகறப்பவே உள்ள போற செட்டிங்ஸ்) ஆஃப் ஆகி கிடக்கும், ஆன் பண்ணா போதும்.

சாஃப்ட்வேரும் ஒண்ணே போதும். டிபிஎம் 2.0 பொதுவான ஸ்டாண்டர்ட், அதனால இன்ஃபினியன், நுவோட்டான், இன்டெல், ஏஎம்டி எந்த கம்பெனியோடதா இருந்தாலும் லினக்ஸ்ல டிபிஎம்2 டூல்ஸ்ங்கற (tpm2-tools) ஒரே இலவச பேக்கேஜ் பேசிடும். பழைய 1.2 சிப்புக்கு மட்டும் இது ஆகாது.

கடைக்கு போறப்ப உபுண்டு லைவ் பென்டிரைவ் (இன்ஸ்டால் பண்ணாமலே உபுண்டு லினக்ஸை ஓட்டறது) ஒண்ணு எடுத்துட்டு போங்க. பூட் பண்ணி, நெட் கனெக்ட் பண்ணி, அந்த பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணிட்டு, டெர்மினல்ல சூடோ போட்டு டிபிஎம்2 கெட்கேப் ப்ராப்பர்ட்டீஸ்-ஃபிக்ஸ்ட்னு அடிங்க (இங்கிலீஷ்லதான் அடிக்கணும்: sudo tpm2_getcap properties-fixed). நீளமா ஒரு லிஸ்ட் ஓடும், அதுல ஃபேமிலி இண்டிகேட்டர்ங்கற வரியில 2.0ன்னு இருக்கணும், மேனுஃபேக்சரர் வரியில ஐஎன்டிசின்னா இன்டெல், ஐஎஃப்எக்ஸ்னா இன்ஃபினியன். எரர் வந்தா உடனே சிப் இல்லைன்னு முடிவு பண்ணாதீங்க, பயாஸுக்குள்ள போய் ஆன் பண்ணிட்டு திரும்ப ஓட்டிப் பாருங்க.

இங்கதான் நெறைய பேர் மாட்டிக்கறாங்க, பயாஸுக்கு பாஸ்வேர்ட் போட்டிருந்தா ஆன் பண்ணவும் முடியாது, பழைய ஓனர் சிப்புல வச்ச சாவியை கிளியர் பண்றதும் கஷ்டம், ஆபீஸ்ல இருந்து கழிச்சு விட்ட லேப்டாப்ல இது ரொம்ப சகஜம். கடைக்காரர் உங்க கண்ணு முன்னாடி அந்த பாஸ்வேர்டை நீக்கிக் கொடுத்தா வாங்குங்க, "அப்புறம் பாத்துக்கலாம்"னா விட்டுடுங்க.

வாங்குன பிறகு பயாஸ்லயே டிபிஎம்மை கிளியர் பண்ணிட்டு ஆரம்பிங்க. அதுல இருக்கற விண்டோஸ் டேட்டா யாருக்காவது வேணும்னா பிட்லாக்கரோட (விண்டோஸ்ல டிஸ்க்கை பூட்டற வசதி) 48 இலக்க ரெக்கவரி கீயை முதல்ல எடுத்து வச்சுக்கணும், கிளியர் பண்ணிட்டா சிப்புல இருந்த சாவி போனது போனதுதான். உங்க லினக்ஸ் டிஸ்க்குக்கு சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல்ங்கற கமாண்டை (systemd-cryptenroll) வச்சு சாவியை சிப்போட கட்டும்போது பின் நம்பரும் சேர்த்து போடுங்க, இல்லைன்னா லேப்டாப்பை தூக்கிட்டு போறவனுக்கும் டிஸ்க் தானா திறந்துக்கும். சாதா பாஸ்வேர்டையும் அழிக்காம வைங்க, போர்டு போச்சுன்னா அது ஒண்ணுதான் வழி.

மேனுஃபேக்சரர்ல ஐஎஃப்எக்ஸ் வந்து லேப்டாப்பும் 2017லயோ அதுக்கு முன்னாடியோ வந்ததா இருந்தா ரோக்காங்கற பாதுகாப்பு ஓட்டை அதுல இருக்கலாம், சிப் உருவாக்கற ஆர்எஸ்ஏங்கற வகை சாவியே பலவீனமா வரும். லேப்டாப் கம்பெனி சைட்ல டிபிஎம் ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் இருக்கான்னு பாத்து போட்டுட்டு, சாவியை புதுசா உருவாக்குங்க.