முன்னால் மங்கிய அடும்பம்பூ

கேள்வி: தரங்கம்பாடிக் கடற்கரையில் காலை ஏழு மணிக்கு டேன்ஸ்பர்க் கோட்டையைப் படமெடுத்தேன். மணலில் படர்ந்திருந்த அடும்பங்கொடியின் ஊதாப் பூக்கள் முன்னால் வரும்படி குனிந்து, கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 35 மி.மீ.இல் வைத்து, அப்பர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை) எஃப் 5-இல் எடுத்தேன். கோட்டை தெளிவாக விழுந்திருக்கிறது, பூக்கள் மங்கிவிட்டன. பார்த்தவர்கள் எல்லோரும் ‘முன்னால் அவுட் ஆஃப் ஃபோகஸ்’ என்று ஒதுக்கிவிட்டார்கள். முன்புறம் மங்கலாக இருப்பதே பிழையா? (படம் இணைத்துள்ளேன்.)
ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: மங்குவது பிழையன்று, அரைகுறையாக மங்குவதுதான் பிழை. உங்கள் படத்தில் அந்தப் பூக்கள், பூ என்று தெரியும் அளவுக்கு உருவத்தோடும், இதழின் மடிப்பு தெரியாத அளவுக்குக் கலங்கியும் இருக்கின்றன. போதாக்குறைக்குப் படத்தின் கீழ்ப்பாதி முழுவதையும் அவையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கு நோக்கி நின்றிருக்கிறீர்கள். காலை வெயில் நேரே பூக்களின் மேல் விழுந்து, கோட்டைச் சுவரைவிட அவற்றை வெளிச்சமாக்கிவிட்டது. பார்ப்பவரின் கண் முதலில் அங்கே போய், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய பிறகுதான், 1620-இல் டேனியர் கட்டத் தொடங்கிய கோட்டையைக் கவனிக்கிறது.

நீங்கள் வைத்த அளவுகளில், ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதியும் தகடு) கொண்ட கேமராவில் தொலைவிலுள்ள கோட்டையின் மேல் ஃபோகஸ் வைத்தால், சுமார் 12 மீட்டருக்கு இப்பால் இருப்பதெல்லாம் மங்கத் தொடங்கிவிடும். பூக்களோ காலடியில், ஒரு மீட்டர் தொலைவில் இருந்தன. இரண்டும் தெளிவாக வேண்டுமென்றால் லென்ஸை 18 மி.மீ.க்குக் கொண்டுவந்து, எஃப் 11 வைத்து (எண் கூடினால் துளை சிறுக்கும், வெளிச்சம் குறையும், தெளிவாக விழும் ஆழம் கூடும்), ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் தொலைவிலுள்ள ஒரு கொடியின் மேல் ஃபோகஸ் வையுங்கள். முக்கால் மீட்டரிலிருந்து கோட்டை வரை போதுமான தெளிவு கிடைக்கும். எஃப் 22 வரை போக வேண்டாம், சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே மழுங்கும். இதற்கு விலையும் உண்டு: 18 மி.மீ.இல் கோட்டை பாதியாகச் சிறுத்துவிடும், கடற்காற்றில் ஆடும் பூ மெதுவான ஷட்டரில் அசைந்து மங்கும். ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவை) 400, 800 என்று ஏற்றி, ஷட்டரை 1/250 நொடியைவிட மெதுவாக விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூவுக்கு ஒன்று, கோட்டைக்கு ஒன்று என இரண்டு படம் எடுத்துக் கணினியில் ஒட்டும் வழியைச் சிலர் சொல்வார்கள். காற்றில் ஆடும் கொடி இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் நிற்பதில்லை என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

நானாக இருந்தால் எதிர்த் திசையில் போவேன். லென்ஸை 55 மி.மீ.க்கு நீட்டி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, மணலில் படுத்து, லென்ஸின் முகத்தைப் பூக்களுக்கு ஒரு சாண் நெருக்கத்தில் வைத்துக் கோட்டையின் மேல் ஃபோகஸ் செய்வேன். அப்போது பூ பூவாகவே இராது. ஊதாவும் பச்சையும் கரைந்த ஒரு மெல்லிய திரையாகிவிடும். அது படத்தின் அடியிலோ ஓர் ஓரத்திலோ ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாமல், கோட்டையை மறைக்காமல் இருந்தால் போதும். கேமராவை நான்கு விரல்கடை உயர்த்தினாலும் தாழ்த்தினாலும் திரையின் உயரம் மாறிவிடும் என்பதால் ஐந்தாறு படமாவது எடுங்கள்.

கோட்டையை மங்கவிட்டுப் பூவைத் தெளிவாக்குவதும் நல்ல வழியே. மான் குளம்புபோலப் பிளந்த இலை, அதன்மேல் ஒட்டிய மணல் துகள், பின்னால் கோட்டையின் வெறும் உருவம் என்று வேறொரு படம் கிடைக்கும். இந்தப் பூ காலையில் விரிந்து பிற்பகலுக்குள் சுருங்கிவிடும், ஆகவே மாலைக்கு என்று தள்ளிப்போட வேண்டாம். இடைஞ்சலாக இருக்கிறதென்று கொடியைப் பிடுங்கவும் வேண்டாம். மணல் மேட்டைப் பிடித்துவைத்திருப்பது அதுதான்.

கையிலிருக்கும் படத்தையும் எறிந்துவிட வேண்டியதில்லை. கீழேயிருந்து மூன்றில் ஒரு பங்கை வெட்டி அகலவாக்கில் ஆக்கி, எஞ்சிய பூக்களின் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.