சொந்தமாகக் கட்டிய விமானத்தில் புரொப்பல்லர் ஸ்பேசரைக் கழற்றலாமா?

கழற்றலாம். அரிசோனாவில் இருக்கும் உங்கள் நண்பர் என்ஜினை மூடும் கவ்லிங்கையும் குட்டையாக்கிவிட்டு, அதே மர புரொப்பல்லரை, என்ஜினுக்கும் அதற்கும் நடுவே இருந்த 4 அங்குல இடைத்துண்டான ஸ்பேசர் இல்லாமல் மாட்டப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். விமானப் படையில் என்ஜின் ஃபிட்டராக இருந்தவன் நான். இப்போது ராயபுரத்தில் லேத் பட்டறை. என் அக்கா மகனும் அமெரிக்காவில் ஒரு விமானம் கட்டி, இதே வேலையை "மாமா, லைன்லயே இருங்க" என்று வீடியோவில் என்னை வைத்துக்கொண்டுதான் செய்தான்.

கை வைக்கும் முன், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் ஸ்விட்ச் ஆஃப். ஆனாலும் அதை நம்பாதீர்கள். மேக்னெட்டோவுக்குப் போகும் கிரவுண்ட் ஒயர் அறுந்திருந்தால், ஆஃபில் இருக்கும்போதே புரொப்பல்லரை அசைத்தால் என்ஜின் உதைக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள். ஃபிளாஞ்சில் (கிராங்க்ஷாஃப்ட் முனையில் இருக்கும் வட்டத் தட்டு) எந்தத் துளைக்கு எந்த பிளேடு என்று மார்க்கரால் குறித்துக்கொண்டு, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தட்டும்.

புரொப்பல்லர் சுலபமாக வந்துவிடும், ஸ்பேசர்தான் பிடித்துக்கொள்ளும். காசிமேட்டில் படகு ஷாஃப்ட் கப்ளிங் வராவிட்டால் சம்மட்டியை எடுப்பார்கள். இங்கே அது கூடவே கூடாது. உளியோ ஸ்க்ரூ டிரைவரோ செருகி நெம்பினால் கிராங்க்ஷாஃப்ட் ஃபிளாஞ்சில் கீறல் விழும். அந்தக் கீறலிலிருந்துதான் நாளடைவில் விரிசல் ஓடும். ஹீட் கன்னால் ஸ்பேசரை மட்டும் சூடாக்கினால் போதும். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், மரச் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் கழன்றுவிடும். எடுத்த பிறகு ஃபிளாஞ்சு முகத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். கறுப்புப் பொடி ஒட்டினால் இத்தனை நாள் ஸ்பேசர் இறுக்கமில்லாமல் உரசிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

இனி போல்ட்டு. உங்கள் நண்பரிடம் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான். ஸ்பேசரோடு சேர்த்துப் போட்ட பழைய போல்ட்டு இப்போது 4 அங்குலம் அதிகம். அளவு பார்க்காமல் ஏதோ ஒரு நீள போல்ட்டைப் போட்டால், மரை முடியும் இடத்தில் போய் முட்டி நின்றுவிடும். டார்க் ரெஞ்ச் 'டக்' என்று சொல்லும், புரொப்பல்லரோ இறுகியே இருக்காது. மர புரொப்பல்லர் பெரும்பாலும் ஃபிளாஞ்சு முகத்தோடு அழுந்தும் அந்தப் பிடியினால்தான் சுழல்கிறது. பிடி இல்லையென்றால் துளைகள் தீய்ந்து கருகும், போல்ட்டு உடையும். வாஷராக அடுக்கிச் சமாளிக்கவும் வேண்டாம்.

பழைய போல்ட்டை வெட்டி மரை போடலாமே என்று அக்கா மகனும் கேட்டான். லேத்தில் அது எனக்குச் சின்ன வேலை. ஆனால் வெட்டிப் போட்ட மரைக்கு, உருட்டி எடுத்த மரையின் உறுதி வராது. பாரிமுனைக் கடைகளில் கிடைக்கும் ஹை டென்சில் போல்ட்டும் இதற்கு ஆகாது. சரியான நீளத்தில், விமானங்களுக்கென்றே செய்யப்படும் ஏஎன் (AN) தர போல்ட்டுதான் வாங்க வேண்டும்.

எடைச் சமநிலையும் மாறும். உதாரணத்துக்கு: ஸ்பின்னரோடு (நடுவில் மூக்குபோல் இருக்கும் கூம்பு) 8 கிலோ புரொப்பல்லர் 100 மி.மீ. பின்னால் வருகிறது, ஈர்ப்பு மையத்துக்கு 1.5 மீட்டர் முன்னால் இருந்த 1.5 கிலோ ஸ்பேசர் போய்விடுகிறது. விமானம் 450 கிலோ என்றால் மையம் கிட்டத்தட்ட 7 மி.மீ. பின்னால் நகரும். அதில் பெரும் பங்கு ஸ்பேசரின் எடையால் வருவது. மறுபடி எடை போட்ட பிறகே பறக்கட்டும். கவ்லிங்குக்கு நெருக்கமாக வருவதால் புரொப்பல்லர் விமானத்தை முன்னால் இழுக்கும் விசையும் கொஞ்சம் குறையலாம்.

மாட்டியதும் பிளேடு நுனி இரண்டும் ஒரே தளத்தில் சுற்றுகிறதா பாருங்கள், மரத்துக்கு 1/8 அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது. மழைக்காலத்தில் நம் வீட்டுக் கதவு உப்பிக்கொள்வதைப் போலத்தான் புரொப்பல்லரின் நடுப்பகுதியான மர ஹப்பும். அரிசோனா வெயிலில் அது காய்ந்து சுருங்கும், போல்ட்டு தளரும். முதல் ஓட்டத்துக்குப் பிறகும், பருவம் மாறும்போதும் புரொப்பல்லர் தயாரிப்பாளர் சொன்ன டார்க்கைச் சரிபார்த்து, போல்ட்டு தானாகக் கழலாதபடி புதிதாக சேஃப்டி வயர் கட்ட வேண்டும்.

ஹப்பின் தடிமன், ஃபிளாஞ்சில் போல்ட்டு ஏறும் மரைக் குழலான புஷ்ஷிங்கின் உயரம், அதன் மரை அளவு மூன்றையும் கேட்டுப் போடுங்கள். போல்ட்டு நீளத்தைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.