கீழ்வீட்டுப் புகையும் மேல்வீட்டுப் பிள்ளையும்

கேள்வி: பெருமாள்புரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். குடிவந்து ஏழு மாதம் ஆகிறது. நேர் கீழ்வீட்டில் வேலையில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விடியற்காலம் ஒன்று, மத்தியானம் சாப்பிட்டதும் ஒன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் இரண்டு மூன்று என்று சிகரெட் பிடிப்பார். புகை பால்கனி வழியாகவும் வருகிறது, பாத்ரூம் வழியாகவும் வருகிறது. என் மகனுக்கு மூன்று வயது, வீசிங் உண்டு. என் கணவர், "பெரிய மனுசர்ட்ட போய் இதைச் சொன்னா நல்லாவா இருக்கும், ஜன்னலைச் சாத்து" என்கிறார். சங்கச் செயலாளர், "அவங்க வீட்டுக்குள்ள வச்சுதானே பிடிக்காங்க" என்று முடித்துவிட்டார். நான் என்ன செய்ய?
பெயர் வேண்டாம், பாளையங்கோட்டை

பதில்: தங்கச்சி, நீங்கள் கேட்பதில் ஒரு தப்பும் இல்லை, முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்தில் இதை "வாடை" என்று சொல்லிச் சொல்லியே சின்ன விஷயமாக்கிவிட்டோம். வாடையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்கள் இருக்கின்றன, அதில் எழுபது வரை புற்றுநோயோடு தொடர்புள்ளவை, இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல அடுத்தவர் விடும் புகையில் அளவே கிடையாது. வீசிங் உள்ள பிள்ளைக்கு இழுப்பைக் கிளப்பிவிட அதில் கொஞ்சம் போதும். அதனால் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள், மரியாதையாகவே பேசலாம்.

பேசுவதற்கு முன்னால் புகை எந்த வழியாக வருகிறது என்று பார்த்துவிடுங்கள். சூடான காற்று மேலே ஏறும், கீழ்வீட்டுப் புகை உங்களைத் தேடி வருவதற்கு அதுவே பாதிக் காரணம். ஆனி ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று அடிக்கும்போது மேற்குப் பார்த்த பால்கனியில் ஒருவர் பிடித்தால் அது வெளியே போகாது, சுவரில் மோதித் திரும்ப வீடுகளுக்குள்தான் வரும். பாத்ரூம் வழி வேறு. எல்லா மாடி பாத்ரூம்களும் ஒரே ஷாஃப்டைப் (குழாய்கள் இறங்கும் சந்து) பார்த்து இருப்பதால் அந்த ஷாஃப்ட் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். பையன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி எக்ஸாஸ்ட் ஓட்டை, பால்கனிக் கதவின் அடி, சமையலறைக் குழாய் சுவருக்குள் போகும் இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். புகை உள்பக்கமாகச் சாய்கிற இடம்தான் வழி. அங்கே ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசை, கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை, எக்ஸாஸ்டுக்கு ஓடாதபோது தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர். செலவு அதிகம் வராது.

ஒரு விஷயம் பல பேருக்குத் தெரியாது. புகை வந்ததும் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு எக்ஸாஸ்டைப் போடுவார்கள், நானே பல வருஷம் அப்படித்தான் செய்துகொண்டு இருந்தேன். எக்ஸாஸ்ட் வீட்டுக்குள் இருக்கும் காற்றை வெளியே தள்ளினால் அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று எங்கிருந்தாவது வந்தாக வேண்டும், அது இருக்கிற இடுக்கு வழியாகப் புகையையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு வரும். அந்த நேரம் எக்ஸாஸ்டை நிறுத்திவிட்டு, புகை வராத பக்கத்து ஜன்னலைத் திறந்து அங்கே ஒரு மேசை விசிறியை உள்நோக்கி வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் கொஞ்சம் கூடினாலே புகை நுழைவது குறையும்.

சரி, பேசுவது. ராத்திரி பத்து மணிக்குப் புகை வரும்போது கோபத்தோடு கதவைத் தட்டாதீர்கள். காலையிலோ சாயங்காலமோ அவர் சும்மா இருக்கிற நேரத்தில், முடிந்தால் பையனையும் கூட்டிக்கொண்டு, உங்கள் கணவரும் வர நேரில் போங்கள். சிகரெட்டை விடச் சொல்லாதீர்கள், அதை அவர் மனைவியே முப்பது வருஷமாகச் சொல்லியிருப்பார். "அண்ணாச்சி, ராத்திரி பிள்ளைக்கு மூச்சு இழுக்கு, டாக்டர் புகை ஆகாதுன்னு சொல்லியிருக்காவ, பால்கனியிலயும் பாத்ரூம்லயும் வேண்டாம், மொட்டை மாடியில போய்ப் பிடிச்சா எங்களுக்குப் பெரிய உதவியா இருக்கும்" என்று இடத்தைச் சொல்லிக் கேளுங்கள். பொதுவாகக் "கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்றால் அவருக்கு என்ன செய்ய என்று தெரியாது. புகை மேலே ஏறுவது பெரும்பாலானவர்களுக்கு நிஜமாகவே தெரியாது, ஜன்னல் பக்கம் நின்று பிடித்தால் நல்லது செய்கிறோம் என்றே நினைப்பார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் சங்கம். 2003-ஆம் வருஷத்துப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைபிடித்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு, ஆனால் அவரவர் வீட்டுக்குள் அந்தச் சட்டம் நேரடியாக வராது, செயலாளர் சொன்னதில் அவ்வளவுதான் உண்மை. லிஃப்ட், படிக்கட்டு, வராந்தா, கார் நிறுத்துமிடம் எல்லோருக்கும் பொது. அங்கே புகை கூடாது என்றும், பால்கனி, ஷாஃப்ட் பக்கம் தவிர்க்க வேண்டும் என்றும், மொட்டை மாடியில் ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கலாம் என்றும் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லி எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். புகை வந்த தேதி, நேரம், பையனுக்கு இழுப்பு வந்த நாள், மருத்துவர் சீட்டு எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். சிவில் கோர்ட் இருக்கிறது, ஆனால் அது வருஷக்கணக்கில் இழுக்கும், பையன் அதற்குள் பள்ளிக்கூடம் போய்விடுவான். அங்கே போகிற நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சிகரெட் பிடிப்பவன். மனைவிக்காகப் பால்கனியில் வந்துதான் பிடிக்கிறேன். மேல்வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். என் வீட்டுப் பால்கனியில் எனக்கு உரிமை இல்லையா?
வண்ணார்பேட்டை வாசகர்

பதில்: பால்கனி உங்களுடையது தம்பி, காற்று எல்லோருக்கும் பொது. உங்கள் மனைவிக்கு எது ஆகாது என்று நினைத்து வெளியே வந்தீர்களோ அது மேல்வீட்டுப் பெண்ணுக்கும் ஆகாது, அவ்வளவுதான். மொட்டை மாடிக்குப் போங்கள், முடியாவிட்டால் தெருவுக்கு இறங்குங்கள், சிகரெட் துண்டை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

எங்கள் அம்மா முக்கூடலில் பீடி சுற்றிய கை. ஆயிரம் பீடிக்கு எவ்வளவு கூலி என்ற கணக்கில்தான் நாங்கள் படித்தோம், அதனால் புகையிலையை வைத்து யாரையும் நான் கேவலமாகப் பேச மாட்டேன். அந்தத் தூளிலேயே இருந்து அம்மா ராத்திரி ராத்திரி இருமியதும் எனக்கு மறக்கவில்லை. விட வேண்டும் என்று என்றைக்காவது தோன்றினால் 1800-11-2356 என்ற தேசிய உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது, உங்களைத் திட்ட மாட்டார்கள். ஒரு தடவை விட்டுவிட்டுத் திரும்பப் பிடித்தவர்கள்தான் அதிகம், அதற்காக வெட்கப்பட வேண்டாம், மறுபடியும் கூப்பிடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் புகைக்கு ஏர் பியூரிஃபையர் வாங்கினால் போதுமா? ரூம் ஸ்ப்ரே அடித்தால் வாடை போகிறது.
தென்காசி வாசகி

பதில்: ஸ்ப்ரே வாடையை மூடுகிறது, புகை அப்படியே இருக்கிறது, கூட ஸ்ப்ரேயும் மூச்சுக்குள் போகிறது. அதை நிறுத்துங்கள். பியூரிஃபையரில் ஹெப்பா ஃபில்டர் இருந்தால் தூசித் துகளைப் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது, அதற்குக் கரி ஃபில்டரும் நல்ல கனமாக இருக்க வேண்டும், இரண்டையும் காலாகாலத்தில் மாற்றவும் வேண்டும். வாங்குவதாக இருந்தால் பிள்ளைகள் தூங்கும் அறைக்கு ஒன்று வாங்குங்கள், அதற்கு முன்னால் கதவு இடுக்கை அடையுங்கள்.