‘கவனக்குறைவு’ என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடுமா?

கேள்வி: உதிரிபாகங்கள் தயாரிக்கும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். சில மாத இடைவெளியில் எங்களுக்கு இரண்டு துயரங்கள் நேர்ந்துவிட்டன. பிரஸ் மெஷினில் ஓர் இளைஞருக்கு இரண்டு விரல்கள் போயின. இரவு ஷிப்ட் முடிந்து பைக்கில் வீடு திரும்பிய இன்னொருவர், சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்புறம் மோதி இறந்துபோனார். இரண்டு அறிக்கைகளிலும் ‘கவனக்குறைவே காரணம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். தினமும் வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிறுத்தி எச்சரிக்கிறேன். அபராதமும் விதித்துப் பார்த்துவிட்டோம். இவர்களைக் கவனமாக இருக்க வைப்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு, இரண்டு பேரின் துயரத்தையும் மனத்தில் சுமந்துகொண்டு எழுதியிருக்கிறீர்கள். அந்த அக்கறையை நம்பித்தான் இதைச் சொல்கிறேன்: உங்கள் கேள்வியையே சற்று மாற்றிக் கேட்க வேண்டியிருக்கிறது. எட்டு மணி நேரமும் கவனம் சிதறாமல் வேலை செய்யக்கூடிய மனிதர் எவரும் இல்லை. நீங்களும் நானும்கூட அப்படிப்பட்டவர்கள் இல்லை. ஒரு நொடி கவனம் தப்பியதும் விரல் போகிறது, உயிர் போகிறது என்றால், அந்த நொடிக்கும் அந்த இழப்புக்கும் நடுவே தடுப்பு எதுவும் இல்லாமல் போனது ஏன் என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சுவீடன் நாடாளுமன்றம் 1997-ல் ஏற்றுக்கொண்ட சாலைப் பாதுகாப்புக் கொள்கையின் அடிப்படையும் இதுவே. மனிதர்கள் தவறு செய்வார்கள், அந்தத் தவறு மரணத்தில் முடியாதபடி சாலையையும் வாகனத்தையும் வேகத்தையும் அமைப்பது அவற்றை உருவாக்குபவர்களின் பொறுப்பு என்கிறது அது.

பிரஸ் மெஷினை எடுத்துக்கொள்வோம். அதற்குக் காப்புத் தடுப்பு இருந்ததா? இருந்தது என்றால், அன்று அது ஏன் கழற்றப்பட்டிருந்தது? பெரும்பாலும் இதற்கான விடை வேலையின் அமைப்பிலேயே கிடைக்கும்: தகடு அடிக்கடி டையில், அதாவது தகட்டை அழுத்தி வடிவமாக்கும் அச்சில், சிக்கிக்கொள்ளும், தடுப்பு இருந்தால் அதை எடுக்க நேரமாகும், எண்ணிக்கையோ குறையக் கூடாது. அப்படி ஓர் இடத்தில் கையை உள்ளே விடாதே என்று தினமும் சொல்வதும், கையை விட்டால்தான் முடிக்கக்கூடிய இலக்கைத் தினமும் கொடுப்பதும் ஒன்றோடொன்று மோதுகின்றன. அந்த மோதலில் இலக்குதான் வெல்லும், ஏனென்றால் கூலி அதோடு கட்டப்பட்டிருக்கிறது. தகடு ஏன் சிக்குகிறது என்று கண்டுபிடித்து டையைச் சரிசெய்யுங்கள். இரண்டு கைகளாலும் ஒரே நேரத்தில் இரண்டு பொத்தான்களை அழுத்தினால் மட்டுமே இயங்கும்படி மெஷினை மாற்ற முடியுமா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். சிக்கியதை எடுக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, அதற்குப் பூட்டுப் போட்டு, சாவியை டைக்குள் கை வைக்கும் ஆளே தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்ற பிறகும் மெஷினின் பிளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், அது முழுவதும் ஓய்ந்து, மேல்பாகம் இறங்கிவிடாதபடி முட்டுக் கொடுத்த பின்னரே கை உள்ளே போகலாம். அபாயத்தையே அகற்றுவது முதலில், இயந்திரத்தில் தடுப்பு அமைப்பது அடுத்து, அறிவுரையும் கையுறையும் எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பது தொழிற்பாதுகாப்புத் துறையில் நெடுங்காலமாக நிலைத்த வரிசை. நாமோ பெரும்பாலும் அதைத் தலைகீழாகத் தொடங்குகிறோம், ஏனென்றால் அறிவுரைக்குச் செலவில்லை.

சாலை மரணத்தைத் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே நடந்தது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அவர் அன்று எத்தனை மணி நேரம் விழித்திருந்தார் என்று யாராவது கேட்டீர்களா? பகலில் சரியாகத் தூங்காமல் இரவு வேலைக்கு வந்தவர் விடியும்போது முழுதாக ஒரு நாளை விழிப்பிலேயே கழித்திருப்பார். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று 1997-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல நாடுகளில் வாகனம் ஓட்டத் தடை தொடங்கும் அளவு அது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பைக் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. கண் மூன்று நொடி செருகினால் 50 மீட்டர் தூரம் பைக்கை ஓட்டுபவர் இல்லை என்றே பொருள். பின்விளக்கும் ஒளிப்பட்டையும் இல்லாமல் நிற்கும் லாரிக்கு முன்னால் அந்த 50 மீட்டர்தான் எல்லாம்.

இரவு ஷிப்டுக்குப் பின் அதே ஆளை ஓவர்டைமில் நிறுத்துவதை இன்றே கைவிடச் சொல்லி நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். ஷிப்ட் முடிந்து வீடு திரும்ப ஒரு வேன், அது முடியாவிட்டால் கிளம்புமுன் சிறிது நேரம் படுத்து எழ ஓர் அறை, இரண்டுமே ஓர் உயிரின் முன் பெரிய செலவு இல்லை. தூக்கக் கலக்கத்துக்குத் தேநீர் சற்று உதவும், தூக்கத்துக்கு ஈடாகாது. ஹெல்மெட்டைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அது இறப்பை ஏறத்தாழ 40 சதவீதமும் தலைக்காயத்தை ஏறத்தாழ 70 சதவீதமும் குறைப்பதாகத் தெரிகிறது. ஆனால் வார் பூட்டப்படாத ஹெல்மெட் மோதிய கணமே தலையை விட்டுப் பறந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வளாகத்தில் மூடிய தொட்டியோ ஆழமான குழியோ இருந்தால், உள்ளே மயங்கியவரைக் காப்பாற்ற யாரும் அப்படியே இறங்கக் கூடாது என்பதை எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள். இத்தகைய இடங்களில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1986-ல் பதிவு செய்தது. அன்பினால் இறங்கி மடிபவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

அபராதத்தை நிறுத்திவிடுங்கள். அது விபத்தை நிறுத்தாது. மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சிகளைத்தான் மறைக்கும். அடுத்த விபத்து எங்கே காத்திருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லக்கூடியவை அந்த நிகழ்ச்சிகள் மட்டுமே. சொன்னவருக்குத் தண்டனை இல்லை என்ற உறுதியோடு ஒரு நோட்டை வைத்து, அதில் எழுதப்பட்டதற்கு ஒரு வாரத்துக்குள் ஏதாவது செய்து காட்டுங்கள். செய்யவில்லை என்றால் மறுபடி எவரும் எழுத மாட்டார்கள்.

கடைசியாக, அந்த இரண்டு அறிக்கைகளையும் மீண்டும் எழுதுங்கள். இறந்தவர் கவனமில்லாதவர் என்று அவர் வீட்டார் படித்திருக்கக்கூடும். அவர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதும் அதில் இருக்கட்டும். விரல்களை இழந்த இளைஞர் வேலைக்குத் திரும்பியதும், சம்மதித்தால், ஓடாத மெஷினுக்கு முன்னால் அன்று என்ன செய்தார் என்று காட்டச் சொல்லி, குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதலில் எதை மாற்ற வேண்டும் என்பது அவர் சொல்வதிலிருந்தே உங்களுக்குத் தெரிந்துவிடும்.