விலைக்கு வரும் பாட்டு கலையாகுமா?

அன்புள்ள அம்மா,

பாட்டு எழுதுவதையே தொழிலாக்க நினைக்கும் உங்கள் மகளைப் பற்றி, "செவ்வியல் இசை என்றால் சம்மதித்திருப்பேன், இவள் கேட்பது வெறும் வியாபாரம்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பிரிவினையை என்னால் ஏற்க முடியவில்லை.

ஐரோப்பியச் செவ்வியல் இசையமைப்பாளர் ஹைடன் 1761இல் ஹங்கேரியின் எஸ்டர்ஹாசி பிரபுவிடம் சம்பளத்துக்குச் சேர்ந்தவர். சீருடை அணிந்து, கேட்டபோதெல்லாம் இசை எழுதிக் கொடுத்தார். எழுதியதெல்லாம் எஜமானருக்கே என்பது ஒப்பந்தம். 1779இல் அந்த நிபந்தனை நீங்கிய பிறகுதான் தன் இசையைப் பதிப்பாளர்களுக்குத் தாராளமாக விற்க முடிந்தது. அதைச் சரக்கு என்று இன்று யார் சொல்கிறார்கள்? கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி 1959இல் தொடங்கிய மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தில், எந்தப் பாடல் வெளிவரலாம் என்பதைத் தரச் சோதனைக் கூட்டம் தீர்மானித்தது. புகழ்பெற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் வளர்ந்தது அங்கேதான்.

உங்கள் மகள் தன் நோட்டை என்னிடம் காட்டினாள். ஒரு வரி 'காற்று' என்று முடிந்திருந்தது. கடைசி ஸ்வரத்தை நீட்ட வேண்டும். 'று' நீள மறுக்கிறது. ஓரமெல்லாம் எழுதி எழுதி அடித்த சொற்கள். கடைசியில் 'நிலா' என்று வைத்திருக்கிறாள். பாடிக் காட்டியபோது அந்த 'ஆ' ஓசை அப்படியே விரிந்தது. விலை பேச ஆளே இல்லாத நேரத்தில் செய்த வேலை அது. அதைக் கலை என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

வியாபாரம் அதற்குப் பிறகு வருகிறது. நாம் கவனமாக இருக்க வேண்டிய இடமும் அதுதான். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் சேர்ந்த படைப்புரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. அவளுக்கு வந்திருக்கும் ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம் இரண்டையும் "நிரந்தரமாக" கேட்கிறது. கொடுப்பதோ ஒரே ஒரு தொகை. பெயர் வெளியாகும் ஆசையில் இளையவர்கள் இப்படித்தான் கையெழுத்திட்டுவிடுகிறார்கள். எத்தனை ஆண்டுக்கு, எந்தெந்த நாடுகளுக்கு, காலம் முடிந்ததும் உரிமை திரும்புமா, ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் பங்கு உண்டா என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பாட்டில் வருமானம் சீராக வராது. அதனால் பட்டப்படிப்பு தொடரட்டும். கூடவே ஒலிப்பதிவும், பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன்செய்யும் ஒலிக்கலவையும் கற்கட்டும். மற்றவர்களின் பாடல்களுக்கு வேலை செய்தும் சம்பாதிக்கலாம்.

பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கும்வரை அவள் கையெழுத்திட வேண்டாம். நோட்டிலுள்ள பாடல்களை இன்றே தேதியிட்டுப் பதிவுசெய்து வைக்கச் சொல்லுங்கள்.