ஒரே தண்ணீர், இரண்டு அறிக்கை

வேதியியல் ஆய்வக அளவீடுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில.

கேள்வி (ஓசூர் வாசகி): எங்கள் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரே நேரத்தில் பிடித்து இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினோம். மொத்தக் கடினத்தன்மை ஒன்றில் லிட்டருக்கு 412 மில்லிகிராம், மற்றதில் 428. பி.எச். 7.1, 7.9. இரும்பு 1.8, 0.2. எதை நம்புவது?

பதில்: மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

கடினத்தன்மையில் வித்தியாசமே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த அளவீட்டுக்கும் கொஞ்சம் அப்படி இப்படி உண்டு. நல்ல அறிக்கையில் அதை ± போட்டுக் குறிப்பிடுவார்கள். இரண்டு ஆய்வகத்துக்கும் தலா ±15 என்று வைத்துக்கொண்டால், இரண்டு எண்களுக்கும் நடுவே 21 வரை இடைவெளி வரலாம் (15, 15 இரண்டையும் நேராகக் கூட்டக் கூடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்). உங்களுக்கு வந்தது 16தான். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு 200. வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை. 412 ஆனாலும் 428 ஆனாலும் முடிவு மாறப்போவதில்லை.

பி.எச். விஷயத்தில் இரண்டு ஆய்வகமும் சரியாகவே அளந்திருக்கலாம். ஆழத்திலிருந்து வரும் நீரில் கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கும். பாட்டிலைத் திறந்து மூடும்போதும் வெயிலில் சூடாகும்போதும் அது வெளியேற, பி.எச். ஏறும். கிணற்றடியிலேயே அளந்த எண்தான் உங்கள் கிணற்றின் பி.எச்.

இரும்புதான் உண்மையான சிக்கல். நிலத்தடி நீரில் இரும்பு நிறமின்றிக் கரைந்திருக்கும். காற்றுப் பட்டதும் துருவாகிப் பாட்டிலின் அடியிலும் சுவரிலும் படியும். மேலாகத் தெளிந்த நீரை எடுத்தவருக்கு 0.2, குலுக்கி, அமிலம் விட்டுக் கரைத்தவருக்கு 1.8. அடுத்த முறை மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். இரும்புக்கெனத் தனி பாலித்தீன் பாட்டிலை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். அதில் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து, பி.எச். 2க்குக் கீழே வைத்திருக்க வேண்டும். அந்தப் பாட்டிலிலிருந்து பி.எச்., காரத்தன்மை, நைட்ரேட் பார்க்க முடியாது. அதனால்தான் ஒரு கிணற்றுக்கு இரண்டு பாட்டில்.

அறிக்கையை நீங்களே சோதிக்கவும் வழி இருக்கிறது. கால்சியத்தை 20.04, மக்னீசியத்தை 12.15, சோடியத்தை 22.99, பொட்டாசியத்தை 39.1 ஆல் வகுத்துக் கூட்டுங்கள். மறுபக்கம் குளோரைடை 35.45, சல்பேட்டை 48.03, நைட்ரேட்டை 62, காரத்தன்மையை (கால்சியம் கார்பனேட்டாகக் கொடுத்திருந்தால்) 50 ஆல் வகுத்துக் கூட்டுங்கள். முதல் நான்கும் நேர் மின்னேற்றம், மறுபக்கத்தவை எதிர் மின்னேற்றம்; மொத்தத்தில் தண்ணீருக்கு மின்னேற்றம் இல்லை. இரண்டு கூட்டுத்தொகையும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும். வித்தியாசத்தை இரண்டின் மொத்தத்தால் வகுத்தால் 5 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். அதேபோல் மொத்தக் கரைந்த திடப்பொருளை மின்கடத்துத்திறனால் வகுத்தால் பெரும்பாலும் 0.55 முதல் 0.7க்குள் விழும். இரும்பு, ஃபுளோரைடு போலச் சிறிய அளவில் இருப்பவற்றின் பிழை இந்தக் கணக்கில் சிக்காது. அந்தச் சதவீத வித்தியாசம் அச்சு அசலாக 0.0 வந்தால் மகிழாதீர்கள். சோடியத்தை அளந்தார்களா, அல்லது குறைந்ததை நிரப்பிச் சோடியம் என்று எழுதிவிட்டார்களா என்று கேளுங்கள்.

கேள்வி (ஈரோடு, ஆய்வக உதவியாளர்): 25 மி.லி. மாதிரியுடன் 25 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. (கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடினத்தன்மை பார்க்கிறேன். மூன்று முறையும் 6.2 மி.லி. செலவாகிறது; அதாவது லிட்டருக்கு 248 மில்லிகிராம். ஆனால் அந்தச் சோதனை மாதிரியின் சரியான மதிப்பு 232. மூன்றும் ஒத்துவந்தும் ஏன் தவறு?

பதில்: ஒத்துவருவது வேறு, சரியாக இருப்பது வேறு. கோணலான அடிக்கோலால் நூறு முறை அளந்தாலும் ஒரே எண்தான் வரும். இன்னொன்று: மூன்றும் 6.2 என்றால் பியூரெட்டின் (கரைசலை விடும் அளவுக்குழாய்) இரண்டாம் தசமத்தை நீங்கள் படிக்கவில்லை. 0.1 கோடுகளுக்கு நடுவே கணித்து 6.18, 6.22 என்று எழுதுங்கள். முதல் எண் தெரிந்த பிறகு கண் அடுத்ததையும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

உங்கள் பிழை 0.4 மி.லி. அது எங்கிருந்து வருகிறது என்று பிடிக்க ஒரே ஒரு சோதனை போதும். நீர் சேர்க்காமல் 50 மி.லி. மாதிரியை அப்படியே எடுத்து, அதேபோல் இ.டி.டி.ஏ. விட்டு அளந்து (டைட்ரேட் செய்து) பாருங்கள். சரியான விடை 11.60 மி.லி. அதுவே வந்தால் குற்றவாளி நீங்கள் சேர்த்த நீர். வடிகருவியில் உப்புப் படிந்தோ, அயனி நீக்கும் குடுவை தீர்ந்தோ போயிருக்கும். 12.0 அருகில் வந்தால் பஃபரிலோ (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசல்) நிறங்காட்டியிலோ கடினத்தன்மை கலந்திருக்கிறது, அல்லது நிறம் மாறும் முடிவுப் புள்ளியைத் தாண்டிப் போகிறீர்கள். 12.4 வந்தால் பிழை மாதிரியின் அளவோடு சேர்ந்து வளர்கிறது; இ.டி.டி.ஏ. வலிமை குறைந்திருக்கிறது.

கடைசியானதற்கு அடிக்கடி நடக்கும் காரணம், கரைசலைச் சாதாரணக் கண்ணாடி பாட்டிலில் வைப்பது. இ.டி.டி.ஏ. கண்ணாடியிலிருந்தே கால்சியத்தை இழுத்துக்கொண்டு பலமிழக்கும். பாலித்தீன் பாட்டிலுக்கு மாற்றுங்கள். லிட்டருக்கு 3.723 கிராம் எடை போட்டதோடு விடாமல், உலர்த்திய கால்சியம் கார்பனேட் 1.000 கிராமைச் சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, கொதிக்கவைத்து, நடுநிலையாக்கி ஒரு லிட்டராக்கிய கரைசலுக்கு எதிராக அளந்து அதன் உண்மையான வலிமையைக் காணுங்கள் (திட்டப்படுத்துதல்). அதில் 1 மி.லி.க்கு 1 மில்லிகிராம் இருக்கும், கணக்கு எளிது.

பஃபரின் மூடியைத் திறந்தே வைத்தால் அம்மோனியா பறந்து பி.எச். 10 நிற்காது, நிறம் மாறும் இடம் மங்கும். பஃபர் ஊற்றிய ஐந்து நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். தாமதித்தால் கால்சியம் கார்பனேட் வீழ்படிவாகும். முடிவு நெருங்கும்போது ஒரு சொட்டு விட்டு, சில நொடி பொறுத்து, அடுத்தது. நீலம் வந்ததா என்று பார்க்காமல், சிவப்புச் சாயல் முழுக்கப் போனதா என்று பாருங்கள்.

பிப்பெட்டின் கடைசிச் சொட்டை ஊதித் தள்ளுவதும் பிழைதான், ஆனால் 7 சதவீதத்துக்கு அதைக் குறை சொல்ல முடியாது. பிப்பெட்டில் சந்தேகம் இருந்தால் 30 டிகிரி நீரை நிறுத்துப் பாருங்கள், 10 மி.லி. தராசில் 9.946 கிராம் காட்ட வேண்டும், 10.000 அல்ல.

கேள்வி (சிவகாசி): இருவர் மட்டும் வேலை பார்க்கும் சிறு ஆய்வகம் எங்களுடையது. கட்டுப்பாட்டு வரைபடம் (ஒரே மாதிரியின் அளவீடுகளை நாள்தோறும் குறித்துவைக்கும் படம்) எங்களுக்குத் தேவையா?

பதில்: உங்களுக்குத்தான் முதலில் தேவை, ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் போதும். நிலையான ஒரு மாதிரியைத் தயாரித்து, 20 வெவ்வேறு நாட்களில் அளந்து சராசரியும் திட்ட விலக்கமும் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) காணுங்கள். சராசரி 250, விலக்கம் 4 என்றால் இரு மடங்கு விலக்கத்தில் 242–258 எச்சரிக்கைக் கோடு, மும்மடங்கில் 238–262 நிறுத்தக் கோடு. 20 அளவீட்டில் ஒன்று எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டுவது இயல்பு. நிறுத்தக் கோட்டைத் தாண்டினால் அன்றைய முடிவுகளை வெளியே அனுப்பக் கூடாது. ஏழெட்டுப் புள்ளிகள் தொடர்ந்து ஒரே பக்கம் விழுந்தாலும் ஏதோ நகர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

20 அளவீட்டையும் ஒரே பிற்பகலில் முடித்தால் கோடுகள் குறுகிப்போய் தினமும் அபாய மணி அடிக்கும். கட்டுப்பாட்டு மாதிரியையும் திட்டக் கரைசலையும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) ஒரே புட்டியிலிருந்து தயாரிக்காதீர்கள். புட்டி தவறென்றால் இரண்டும் சேர்ந்து தவறி, வரைபடம் அழகாகவே இருக்கும். வெளியே விழுந்த புள்ளியை அழித்துவிட்டு, உள்ளே விழும்வரை திரும்பத் திரும்ப அளப்பதற்கு வரைபடம் போடாமலேயே இருக்கலாம்.

கேள்வி (மாணவர், திருச்சி): 0, 1, 2, 5, 10 மி.கி. திட்டக் கரைசல்களில் நிறமானியின் (நிறத்தின் அடர்த்தியைக் கொண்டு அளவு காணும் கருவி) நேர்கோடு 0.9992 ஒட்டுறவுடன் (1 என்றால் முழுப் பொருத்தம்) வருகிறது. ஆனால் 0.5 உள்ள மாதிரி 0.8 காட்டுகிறதே?

பதில்: பெரிய புள்ளிகள் கோட்டைத் தம் பக்கம் இழுக்கும். உங்கள் சாய்வு 0.05 என்று வைத்துக்கொள்வோம். கோடு அச்சை வெட்டும் இடம் 0.015 தவறினால், விடையில் 0.3 மி.கி. பிழை. 10 மி.கி.க்கு அது 3 சதவீதம், 0.5க்கு 60 சதவீதம். ஒட்டுறவு எண் இதைக் காட்டிக்கொடுக்காது. ஒவ்வொரு திட்டக் கரைசலையும் அதே கோட்டில் போட்டு மதிப்பைத் திரும்பக் கணக்கிட்டால் உடனே தெரியும். 0.2 முதல் 1 வரை தனிக் கோடு போடுங்கள். மாதிரியிலேயே 0.5 மி.கி. கூடுதலாகச் சேர்த்து, அது முழுதாகத் திரும்பக் கிடைக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (மதுரை): பி.எச். மீட்டர் பஃபரில் சரியாக இருக்கிறது, மாதிரியில் நிற்காமல் அலைகிறது.

பதில்: மின்முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைக்கிறீர்களோ? 3 மோலார் பொட்டாசியம் குளோரைடில் வையுங்கள். சாய்வையும் பாருங்கள்: 25 டிகிரியில் ஒரு பி.எச்.க்கு 59.16 மில்லிவோல்ட்; அதில் 95 சதவீதத்துக்குக் கீழே போனால் சுத்தம் செய்தோ மாற்றியோ ஆக வேண்டும். திறந்து வைத்த பி.எச். 10 பஃபர் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி இறங்கும். ஊற்றியதைத் திரும்பப் புட்டியில் விடாதீர்கள்.

கேள்வி (சேலம்): என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) முத்திரை இருந்தால் போதுமா?

பதில்: அங்கீகாரம் கட்டடத்துக்கு அல்ல, குறிப்பிட்ட சோதனைகளுக்கு. ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025:2017 தரத்தின் கீழ் எந்தப் பொருளில், எந்த முறையில், எந்த அளவு வரை என்று ஒரு பட்டியல் இருக்கும். நீரில் குளோரைடுக்கு அங்கீகாரம் பெற்ற இடம் ஆர்செனிக்குக்குப் பெறாமல் இருக்கலாம். மாதிரியைக் கொடுக்கும் முன் அந்தப் பட்டியலில் உங்கள் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள்.