சலானில் கையெழுத்துப் போடாவிட்டால் அபராதம் செல்லாதா?

செல்லும். வேலூர் கிரீன் சர்க்கிளில் ஹெல்மெட் இல்லாமல் மாட்டினால், "நான் கையெழுத்துப் போடலை, அதனால ஒப்பந்தமே இல்லை, கோர்ட்டுக்கு என்மேல அதிகாரம் கிடையாது" என்று சொல்லித் தப்பிக்கலாம் என வாட்ஸ்அப்பில் சுற்றும் சங்கதியைத்தானே கேட்கிறீர்கள்? நீங்கள் சம்மதித்தால்தான் கட்டுப்படுத்தும் என்பதற்கு அபராதம் என்ன வாடகை அக்ரிமென்ட்டா? 1988 மோட்டார் வாகனச் சட்டம் ரோட்டில் வண்டி எடுக்கிற எல்லாருக்கும் பொருந்தும், கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும்.

இந்த மாதிரிச் சரக்கு அமெரிக்காவில் ரொம்பப் பிரபலம். தங்களை 'இறையாண்மைக் குடிமக்கள்' என்று சொல்லிக்கொள்ளும் கூட்டம், "நான் வண்டி ஓட்டலை, பயணம் பண்றேன், எனக்கு எதுக்கு லைசென்ஸ்" என்று வாதாடும். பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தால் அது தாங்கள் இல்லை, வேறு ஆள் என்பார்கள் (நிஜமாகத்தான்). கனடாவில் 2012-இல் ஒரு விவாகரத்து வழக்கில் நீதிபதி ஜான் ரூக் இந்த வாதங்களையெல்லாம் பிரித்து மேய்ந்து, எதுவும் எடுபடாது என்று நீண்ட தீர்ப்பே எழுதினார்.

நம்மூர்க் கதை இன்னொன்று, கான்ஸ்டபிள் லைசென்ஸ் கேட்கவே கூடாதாம். அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-ஆவது பிரிவு சீருடையில் இருக்கும் எந்தப் போலீஸும் கேட்கலாம் என்கிறது. அபராதம் வசூலிப்பது வேறு, எந்தப் பதவியில் இருப்பவர் வசூலிக்கலாம் என்பதை 200-ஆவது பிரிவின்படி மாநில அரசு சொல்லும். லைசென்ஸை டிஜிலாக்கரில் (ஆவணங்களை வைத்துக்கொள்ளும் அரசுச் செயலி) காட்டினாலும் செல்லும். ரசீது தராமல் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

சலானே தப்பு, வண்டி அன்றைக்கு ராணிப்பேட்டையில் நின்றது, கேஸ் காட்பாடியில் என்றால், அபராதத்தை ஒப்புக்கொள்ளாமல் மறுக்கலாம். பார்க்கிங் ரசீது, கேமரா பதிவு ஏதாவது கையில் இருக்கட்டும்.